32 பேர், ஒரு பீரங்கி: கிறிஸ்துமஸ் தீவுக் காவல்முகாம், மார்ச் 1942

சிங்கப்பூரில் போர் என்றால் பள்ளிப் பாடம் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் போட்ட கையெழுத்தோடு நின்றுவிடும். அன்றைக்குச் சிங்கப்பூர் ஆளுநரின் பொறுப்பில் இருந்த நிலம் இந்த ஒரு தீவு மட்டுமல்ல. தெற்கே ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் தள்ளி, ஜாவாவையும் தாண்டி, இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு இருந்தது. 1900ஆம் ஆண்டிலேயே அதை நீரிணைக் குடியேற்றங்களோடு (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் காலனி) சேர்த்துவிட்டார்கள். பாஸ்பேட் சுரங்கம், ஒரு மாவட்ட அதிகாரி, சீக்கியப் போலீஸ்காரர்கள் சிலர், 6 அங்குலப் பீரங்கி ஒன்று, அதை இயக்க 32 படையினர். சிங்கப்பூர் விழுந்து மூன்று வாரம் கழித்தும் அந்தப் பீரங்கி கடலைப் பார்த்தபடிதான் நின்றது. மார்ச் 10 இரவு, அதை இயக்கிய இந்தியச் சிப்பாய்களில் சிலர், தங்கள் கேப்டன் வில்லியம்ஸையும் நான்கு பிரிட்டிஷ் கீழ்நிலை அதிகாரிகளையும் தூக்கத்திலேயே கொன்றார்கள்.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அரசியலாகவே படிக்கிறார்கள்: வெள்ளைக்காரனுக்கு எதிரான கோபம், ஜப்பானியப் பிரசாரம். இரண்டும் உண்மைதான். ஆனால் தேசிய சேவையில், அதாவது சிங்கப்பூர் ஆண்களுக்கான கட்டாய ராணுவப் பணியில், பீரங்கிப் படையில் இருந்தவன் என்ற முறையில் என் கண் வேறு பக்கம் போகிறது. தொலைதூரக் காவல்முகாம் ஒன்றின் அன்றாட வாழ்க்கை எதை நம்பி ஓடுகிறது? அந்த நம்பிக்கை ஒவ்வொன்றாக உருவப்பட்டால் எத்தனை நாள் தாங்கும்? இங்கே அந்தக் கணக்கைக் கிட்டத்தட்ட தேதி வாரியாகவே பார்க்க முடிகிறது.

தீவு

135 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றிலும் செங்குத்தான பாறை, உள்ளே மழைக்காடு. கப்பல் வந்து நிற்க வழி என்று இருப்பது வடக்கே பறக்கும் மீன் குடா ஒன்றுதான். அதுவும் டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குப் பருவக்காற்றில் அலை எழும்பினால் கப்பல் நெருங்கவே முடியாது. நாள்கணக்கில் தள்ளி நின்று காத்திருக்க வேண்டியதுதான். மழை தொடங்கியதும் காட்டிலிருந்து கோடிக்கணக்கில் சிவப்பு நண்டுகள் கடலுக்கு இறங்கி வரும். சாலை, தண்டவாளம், வாசற்படி எதையும் விடாது. இப்போது அதைப் பார்க்கச் சுற்றுலா போகிறார்கள். அங்கேயே வேலை பார்த்தவனுக்கு அது சுற்றுலாவாக இருந்திருக்காது.

அந்தத் தீவுக்குத் தேவையான எல்லாமே கப்பலில்தான் வந்தன. அதற்கு அது முன்பே ஒரு விலை கொடுத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் பெரிபெரி நோயால் இறந்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசியைத் தவிர வேறு உணவு போதிய அளவு கிடைக்கவில்லை, அதுதான் காரணம். சாப்பாடு கப்பலில் வரும் இடத்தில், கப்பலில் எதை ஏற்றுகிறார்கள் என்பதே உயிர்ப்பிரச்சினை.

பீரங்கி ஏன் அங்கே? பாஸ்பேட் இல்லாமல் உரம் இல்லை, உரம் இல்லாமல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விளைச்சல் இல்லை. 1940 டிசம்பர் 27ஆம் தேதி பசிபிக்கில் நவுரு தீவின் பாஸ்பேட் துறைமுகத்தை ஜெர்மனியின் மாறுவேடக் கப்பல் கோமெட் சுட்டு நாசமாக்கியது. அதே மாதிரிப் பொருள் உள்ள இன்னொரு தீவுக்கும் காவல் வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. சரக்குக் கப்பல் போல வேடம் போட்டு வரும் எதிரியை விரட்ட ஒரு 6 அங்குலப் பீரங்கி போதும். அதாவது, அந்த முகாம் ஒரு குறிப்பிட்ட அபாயத்துக்காகப் போடப்பட்டது. பிறகு வந்த அபாயம் அது அல்ல.

ஒரு நாள்

அந்த 32 பேரும் ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள். இந்தப் படை ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் கரையோரப் பீரங்கிகளை இயக்குவதற்கென்றே இந்தியாவிலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து ஆள் எடுத்தது. பிளாக்காங் மாத்தியில், அதாவது இன்றைய செந்தோசாவில், பீரங்கி மேடைகளைப் பார்த்திருப்பீர்கள். நம் பையன்கள் அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் புலாவ் தெக்கோங்கிலும் அப்போது 9.2 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. அந்தப் பெரிய அமைப்பின் கடைசி நுனி கிறிஸ்துமஸ் தீவு. அங்கே ஒரு பிரிட்டிஷ் கேப்டன், நான்கு பிரிட்டிஷ் கீழ்நிலை அதிகாரிகள், மீதி 27 பேர் பஞ்சாபிகள். அவர்களுக்கு மூத்தவர் ஒரு சுபேதார்.

கரையோரப் பீரங்கிப் படையின் அன்றாடம் எங்கும் ஒன்றுதான். விடியும் நேரத்திலும் இருட்டும் நேரத்திலும் எல்லாரும் நிலையெடுத்து நிற்க வேண்டும். எதிரிக் கப்பல் வானத்தின் விளிம்பில் தெரிய வாய்ப்புள்ள நேரங்கள் அவை. இடைப்பட்ட நேரத்தில் முறைவைத்துக் கண்காணிப்பு. குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 45 கிலோ. வெடிமருந்து தனியே, துணிப் பையில். அது ஈரம் படாமல் இருக்கிறதா, கிடங்கில் வெப்பம் எவ்வளவு என்று தினமும் பார்த்து எழுத வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் குழாயைத் துடைத்து எண்ணெய் போடாமல் இரண்டு நாள் விட்டால் துரு தெரியும். அப்புறம் பயிற்சி: போலிக் குண்டை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி. உண்மையாகச் சுடுவது அபூர்வம், குண்டு கணக்கில் அடங்கிய சரக்கு.

என் காலத்துப் பீரங்கி வேறு, ஆனால் இந்தச் சலிப்பு எனக்குத் தெரியும். கார்டு டியூட்டியில் இரவு மூன்று மணிக்கு வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நாம் காக்கும் பொருளைப் பற்றி நினைப்பதே இல்லை. எத்தனை மணிக்கு மாற்றாள் வருவான், சனிக்கிழமை எத்தனை மணிக்கு புக் அவுட் (முகாமை விட்டு வீட்டுக்குப் போவது) என்பதைத்தான் நினைப்போம். குக்ஹவுஸில் நாளைக்கு என்ன என்பதையும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காவல் என்ற வேலையே அப்படிப்பட்டது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் வெற்றி. ஆகவே நாளை நகர்த்துவது முறைப்பட்டியலும் சாப்பாடும் கடிதமும் விடுப்பும்தான்.

இந்தியச் சிப்பாய்க்கு ஆட்டா, பருப்பு, நெய், டீ, சர்க்கரை. சமைப்பதும் தனி அடுப்பில். இவை கெட்டுப்போகாமல் கப்பலில் வந்து, அலையில்லாத நாளில் குடாவில் இறங்க வேண்டும். கடிதமும் அதே கப்பலில். பஞ்சாபில் ஒரு கிராமத்திலிருந்து எழுதிய கடிதம் சிங்கப்பூர் வந்து, தணிக்கை தாண்டி, தெற்கே போய்ச் சேர வாரங்கள் ஆகும். தீவில் பேச்சுத்துணை யார்? தொழிலாளர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். நிறுவன அதிகாரிகள் ஐரோப்பியர்கள், அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு. பஞ்சாபி பேசக்கூடியவர்கள் என்று முகாமுக்கு வெளியே இருந்தது சீக்கியப் போலீஸ்காரர்கள்தான். பீரங்கிப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்; ஊரில் இருந்திருந்தால் மதம் ஒரு தடையாக இருந்திருக்கலாம், இங்கே மொழி அதைத் தாண்டிவிட்டது. பின்னால் கலகத்தில் இந்தப் போலீஸ்காரர்கள் துணை நின்றதைப் பலர் சதி என்கிறார்கள். எனக்கு அது மாலை நேரப் பேச்சில் தொடங்கியது என்றுதான் தோன்றுகிறது.

கயிறு அறுந்த வரிசை

1942 ஜனவரி 20. பாஸ்பேட் ஏற்ற வந்திருந்த நார்வே நாட்டுக் கப்பல் ஐட்ஸ்வோல்டை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தீவின் அருகிலேயே டார்பிடோ போட்டுத் தாக்கியது. கரையில் ஒரு பீரங்கி இருந்து என்ன பயன்? நீருக்கு அடியில் இருப்பதை அது என்ன செய்யும்? அன்று முதலே கப்பல் வரும் என்ற நம்பிக்கையில் ஓட்டை விழுந்துவிட்டது.

பிப்ரவரியில் ஐரோப்பிய, ஆசிய ஊழியர்களும் குடும்பத்தாருமாக ஏறக்குறைய 50 பேரை பெர்த்துக்கு அனுப்பினார்கள். பீரங்கிப் படைக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. படை என்றால் கடைசிவரை இருக்கத்தானே வேண்டும் என்பது சரியான பதில்தான். ஆனால் போகிற கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: எனக்கு எப்போது?

பிப்ரவரி 15. சிங்கப்பூர் விழுந்தது. இதை வெறும் தோல்விச் செய்தியாகப் பார்க்கக்கூடாது. கிறிஸ்துமஸ் தீவுக்குச் சிங்கப்பூர்தான் தலைமையகம், சம்பளக் கணக்கு, மளிகைக் கிடங்கு, தபால் நிலையம், மாற்றாள் வரும் இடம், எல்லாம். அந்த ஒரே நாளில் முகாமின் முதுகு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். தீவில் இருந்த சிப்பாய்களின் சகபடையினரும் இந்தியப் படையோடு சரணடைந்தவர்களே.

அதன்பின் தீவின்மீது விமானக் குண்டுவீச்சு, இரண்டு முறை. மார்ச் 8இல் ஜாவாவில் டச்சுப்படை சரண் ஒப்புக்கொண்டது. அதே நாளில் ரங்கூனும் போனது. இனி 350 கிலோமீட்டர் வடக்கே இருந்த நிலம் எதிரியுடையது. நண்பன் என்று சொல்ல அருகில் யாருமில்லை. தீவின் வானொலி நிலையம் மார்ச் மாதக் கடைசிவரை நின்றது. எனவே இவர்கள் ஒன்றும் தெரியாத இருட்டில் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலை, அது இருட்டைவிட மோசம்.

மார்ச் 7தான் என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம், கொலை நடந்த இரவு அல்ல. அன்று ஜப்பானியப் போர்க்கப்பல்கள் வந்து தீவைச் சுட்டன. கொங்கோ, ஹருனா. இரண்டிலும் தலா எட்டு 14 அங்குலப் பீரங்கிகள்; முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றே சுடக்கூடியவை. முகாமின் பீரங்கி எட்டுவது அதில் பாதித் தூரம்கூட இல்லை. மாவட்ட அதிகாரி வெள்ளைக் கொடியை ஏற்றினார். சரியான முடிவு, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களும் குடும்பங்களும் தீவில் இருந்தார்கள். ஜப்பானியர் ஆளை இறக்கவில்லை, கப்பல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு படை அதிகாரி பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக்கை மறுபடி ஏற்றிவிட்டார்.

சிப்பாயின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். காலையில் சரணடைந்தோம். உயிர் பிழைத்தோம் என்று மூச்சு விட்டோம். அப்புறம் சரண் வாபஸ். அப்படியானால் அந்தக் கப்பல்கள் திரும்பி வரும்போது நாங்கள் யார்? போர்க்கைதியா, போராளியா? வெள்ளைக் கொடி காட்டிவிட்டுச் சுடுபவனை எதிரி எப்படி நடத்துவான்? இவற்றுக்குப் பதில் சொல்ல மேலதிகாரி எவரும் கூப்பிடு தூரத்தில் இல்லை. சிவில் அதிகாரி ஒரு கொடி ஏற்றுகிறார், ராணுவ அதிகாரி இன்னொரு கொடி ஏற்றுகிறார். 32 பேர் உள்ள முகாமில் இரண்டு கட்டளை இருந்தால், கட்டளை என்ற ஒன்றே இல்லை என்று அர்த்தம். வில்லியம்ஸைக் கோழை என்றோ முரடர் என்றோ சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் ராணுவக் கடமையைச் செய்தார். ஆனால் அந்தக் கடமையின் மறுமுனையில் இருந்த தலைமையகம் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது.

மூன்று இரவு கழிந்தது. மார்ச் 10-11 இரவு கேப்டனும் நால்வரும் தங்கள் அறைகளில் கொல்லப்பட்டார்கள். பிறகு தீவில் மீதமிருந்த ஐரோப்பியர்களை வரிசையாக நிறுத்தி, சுடப்போகிறோம் என்றார்கள். மாவட்ட அதிகாரி நீண்டநேரம் பேசினார். சுடுவதைத் தள்ளிப்போட்டு அவர் வீட்டிலேயே எல்லாரையும் அடைத்துக் காவல் போட்டார்கள். இதை நான் கவனமாகப் படிக்கிறேன்: தூக்கத்தில் ஐந்து பேரைக் கொன்ற அதே கைகள், பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. பேசினால் கேட்கும் நிலையில் இருந்தவர்கள் அவர்கள். மார்ச் 7 மாலையில் யாராவது பேசினார்களா என்பதுதான் என் கேள்வி. கொலையை இது நியாயப்படுத்தாது. தூங்கும் ஆளைக் கொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மார்ச் 31 காலை விமானங்கள் வந்து வானொலி நிலையத்தை அழித்தன. அன்றே ஒன்பது கப்பல்கள் வந்து, 850 பேர் அளவில் கரையிறங்கினார்கள். எதிர்ப்பு இல்லை. அடுத்த நாள் அமெரிக்க நீர்மூழ்கி சீவுல்ஃப், நாகா என்ற ஜப்பானியக் கப்பலை டார்பிடோவால் அடித்துச் சேதப்படுத்தியது. நாகாவைக் கொண்டுபோனது எங்கே என்றால் சிங்கப்பூருக்கு! வந்த படையில் பெரும்பகுதி கிளம்பிப்போய், கடைசியில் தீவில் விட்டுவைத்தது 20 பேரை. ஆக மறுபடியும் அதே தீவில் ஒரு சின்னக் காவல்முகாம், கொடி மட்டும் வேறு. அவர்களுக்கும் கப்பல் பிரச்சினைதான். நவம்பரில் பாஸ்பேட் ஏற்ற வந்த நிஸ்ஸெய் மாருவை நேசநாட்டு நீர்மூழ்கி மூழ்கடித்தது. உணவு போதாமல், 1943 கடைசியில் தீவு மக்களில் பாதிக்கு மேற்பட்டோரை ஜாவாவின் சுரபாயா முகாம்களுக்கு ஏற்றிவிட்டார்கள்.

போருக்குப் பிறகு கலகக்காரர்களில் ஏழு பேரைத் தேடிப்பிடித்தார்கள். ராணுவ நீதிமன்றம் சிங்கப்பூரில் கூடியது. 1947இல் ஐவருக்கு மரண தண்டனை. விடுதலை பெற்ற துணைக்கண்டத்திலிருந்து வந்த முறையீட்டால் அது ஆயுள் தண்டனையானது.

பக்கத்துத் தீவில் இரண்டு மாதம் கழித்து

ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. நல்லவேளையாக, ஒப்பிட இன்னொன்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் தீவுக்கு மேற்கே 980 கிலோமீட்டர் தள்ளி கொக்கோஸ் தீவுகள். அதுவும் சிங்கப்பூரோடு சேர்ந்த நிலம்தான். டைரக்‌ஷன் தீவில் கடலடித் தந்தி நிலையம், எதிரே ஹார்ஸ்பர்க் தீவில் இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள். (ஹார்ஸ்பர்க் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல, பெட்ரா பிராங்காவில் 1851இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கும் அதே கடல்வரைபடக்காரரின் பெயர்தான்.) 1914இல் சென்னையைச் சுட்ட எம்டன் கப்பல் கடைசியில் அழிந்ததும் இந்தக் கொக்கோஸில்தான், அந்தத் தந்தி நிலையத்தைத் தாக்க வந்தபோது.

பீரங்கிகளில் இருந்தவர்கள் இலங்கையின் பீரங்கிப் படையினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் கார்டினர் கொழும்பில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருந்து, போருக்காக அதிகாரியானவர். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பின்மீதும் 9இல் திருகோணமலைமீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஊரில் குடும்பம் என்ன ஆனதோ என்று தெரியாமல், நடுக்கடலில் ஒரு சதுர கிலோமீட்டர் பவளத்திட்டில் பீரங்கியைத் துடைத்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்! மே 8 இரவு அந்தப் படையைச் சேர்ந்த கிரேஷியன் பெர்னாண்டோ தலைமையில் சிலர் கலகத்தில் எழுந்தார்கள். அதிகாரிகளைப் பிடித்து, பீரங்கியைத் திருப்பி, கிறிஸ்துமஸ் தீவில் இருந்த ஜப்பானியருக்குச் செய்தி அனுப்புவது திட்டம். கலகக்காரர்களின் பிரென் இயந்திரத் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கியது. சகவீரர் ஒருவர் இறந்தார். மூவரை ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் கலகத்துக்காகத் தூக்குக்குப் போன காமன்வெல்த் வீரர்கள் இந்த மூவர் மட்டுமே.

பெர்னாண்டோவுக்கு அரசியல் இருந்தது, இடதுசாரிக் கருத்துகளின் தாக்கம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதே கருத்து கொண்டவர்கள் கொழும்பில் படைமுகாம்களிலும் இருந்திருப்பார்கள். அங்கே துப்பாக்கி திரும்பவில்லை. வேறுபாடு தீவு. கொக்கோஸ் கலகம் ஏன் தோற்றது என்பதற்கும் என் பதில் அதே வகைதான். அங்கே கட்டளைச் சங்கிலி அறுந்துவிடவில்லை. தந்தி நிலையம் எதிர்த் தீவில், இன்னொரு காலாட்படைப் பிரிவு அதைச் சுற்றி, கொழும்பு இன்னும் பிரிட்டிஷ் கையில். கலகத்தில் சேராதவர்களுக்கு, தாங்கள் விசுவாசமாக இருக்க வேண்டிய ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. கிறிஸ்துமஸ் தீவில் அப்படி எதுவும் மிச்சமில்லை.

தூரமே காரணம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகரத்துக்குள்ளேயே, அலெக்ஸாண்ட்ரா முகாமில், 5ஆவது இலகு காலாட்படை எழுந்தது. 47 பேரை ஊட்ரம் சிறைச் சுவரருகே சுட்டார்கள். அங்கேயும் தலைமை அதிகாரிக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் ஒத்துப்போகவில்லை, ரேஷன் பற்றி முணுமுணுப்பு இருந்தது, எங்கே அனுப்பப்போகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தது. ஹாங்காங் என்று சொன்னார்கள், துருக்கியருக்கு எதிராகத்தான் போகிறோம் என்று சிப்பாய்கள் நம்பினார்கள். நகரமாக இருந்தாலும் தீவாக இருந்தாலும், போகும் இடமும் திரும்பும் தேதியும் தெரியாதவன் வதந்தியைத்தான் சாப்பிடுவான்.

திரும்பும் தேதி

நம் காலத்துக்கு வருவோம். சிங்கப்பூர் ஆயுதப்படை 2007 முதல் 2013 வரை ஆப்கானிஸ்தானுக்கு மொத்தம் 492 பேரை அனுப்பியது. பாமியானில் நியூசிலாந்துப் படையோடு சேர்ந்து பல் மருத்துவம், மருத்துவம், கட்டுமானம். உருஸ்கானில் ராக்கெட் வருவதைக் கண்டுபிடிக்கும் ரேடார், ஆளில்லா விமானம். பாமியான் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 2,500 மீட்டர். பூமத்திய ரேகைக்காரனுக்கு அந்தக் குளிர்காலம் ஒரு தண்டனை.

அந்தப் பக்கம் போய்வந்த ஒரு அண்ணனிடம் தேக்கா நிலையத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டே கேட்டேன்: "அங்க ரொம்பக் கஷ்டம் எதுண்ணே? குளிரா, ராக்கெட்டா?"

"ரெண்டும் பழகிடும் தம்பி," என்றார். "வீட்டுக்குப் போன் போட்டா அங்க நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி. நான் வேலை முடிச்சு வர்றப்போ பிள்ள தூங்கிடும். அதான் கஷ்டம். ஆனா எந்த மாசம் திரும்புறோம்னு தெரியும் பாரு. தேதி தெரிஞ்சா எதையும் தாங்கிக்கலாம்."

இந்த நேரக் கணக்கில் அவர் எந்தப் பக்கம் முன்னே என்று மாற்றிச் சொன்னார். ஆப்கானிஸ்தான் நமக்குப் பின்னால்தான். ஆனால் சொன்ன விஷயம் கச்சிதம். தேதி தெரிந்தவர்கள் அவர்கள். அழைத்தால் பதில் சொல்ல ஒரு தலைமையகம் இருந்தது, அடிபட்டால் தூக்கிச்செல்ல ஹெலிகாப்டர் இருந்தது. சாப்பாடு பிடிக்காவிட்டால் வீட்டிலிருந்து வரும் பொட்டலத்தில் ஊறுகாய் இருந்தது. அவர் அந்த ஊறுகாயைப் பற்றிப் பேசியது ராக்கெட்டைப் பற்றிப் பேசியதைவிட அதிகம்.

வேறு என்ன செய்திருக்கலாம்

நிகழ்வு ஆய்வு என்றால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

பிப்ரவரிக் கப்பலிலேயே படையையும் ஏற்றிவிட்டுப் பீரங்கியை உடைத்திருக்கலாம். மாறுவேட வணிகக் கப்பல்களுக்காக வைத்த பீரங்கி அது. ஜப்பானியக் கடற்படை முழுதாக இறங்கிய பிறகு அதற்கு வேலையில்லை. ஆனால் அந்த முடிவைச் சிங்கப்பூரில் எடுக்க வேண்டும், பிப்ரவரியில் சிங்கப்பூரில் யாருக்கு ஒரு பாஸ்பேட் தீவைப் பற்றி யோசிக்க நேரம் இருந்திருக்கும்? இது நடந்திருக்கக்கூடிய மாற்று அல்ல.

பீரங்கியால் எதிர்த்துச் சண்டை போடுவது என்பதைப் பேசவே வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது மார்ச் 7 மாலை. இங்கே வில்லியம்ஸுக்கு உண்மையிலேயே கையில் ஒரு வழி இருந்தது, அது சுபேதார். இந்தியப் படையில் சுபேதார் என்பவர் வெறும் இடைநிலை அதிகாரி அல்ல. சிப்பாயின் மொழியில் கட்டளையை எடுத்துச் சொல்லவும், சிப்பாயின் மனதை மேலே சொல்லவும் அவர்தான். எனக்கு இந்த நிகழ்வை அதிகாரிப் பயிற்சிப் பள்ளியில் பாடமாக எடுக்கச் சொன்னால், பயிலும் பிள்ளைகளிடம் ஒரே பணியைத்தான் கொடுப்பேன்: அன்று மாலை ஐந்து மணி, அணிவகுப்பு, சுபேதாரின் மூலம் 27 பேரிடம் என்ன சொல்வாய்? பத்து வாக்கியத்துக்குள் எழுது.

என் பத்து வாக்கியத்தில் முதலாவது, சிங்கப்பூர் இனி இல்லை என்பது. வெள்ளைக் கொடி ஏறியது ஏறியதுதான், கீழே இறங்காது என்பது அடுத்தது. பீரங்கியின் பின்மூடியைக் கழற்றிக் கடலில் போடச் சொல்வேன், எல்லார் கண்முன்னாலும். குண்டுகளையும் அப்படியே. கிடங்கில் எத்தனை மூட்டை ஆட்டா, எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்று உரக்கப் படிக்கச் சொல்வேன். இன்றிலிருந்து அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு பங்கு, பங்கு போடுவது சுபேதார். விடியல் நிலையெடுப்பு ரத்து, ஆனால் கண்காணிப்பு தொடரும், கப்பல் தெரிந்தால் சுடுவதற்காக அல்ல, தொழிலாளர் குடும்பங்களைக் காட்டுக்குள் அனுப்புவதற்காக. எதிரி வந்தால் முன்னால் போய்ப் பேசுவது நான், என் பின்னால் நீங்கள்.

இதையெல்லாம் ஒரு பிரிட்டிஷ் கேப்டன் 1942இல் சொன்னால் பிறகு அவருக்கே ராணுவ நீதிமன்றம் நடந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். நடந்திருக்கலாம். சிங்கப்பூரையே ஒப்படைத்த தளபதிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதை நான் அவருக்கு நினைவூட்டினேன். எப்படியோ, ஜப்பானியர் கரையிறங்க அன்றிலிருந்து இன்னும் 24 நாள் இருந்தது. அந்த 24 நாளும் தீவுக்கு வேண்டியிருந்த வேலை அரிசிப் பங்கீடும் தண்ணீரும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதும்தான், அதற்கு 32 பேர் தாராளம்.